வெங்காய வேர்நுனியில் செல் பிரிவதைப் பார்ப்பதும் எண்ணுவதும்: முழுமையான வழிகாட்டி

செல் பிரிவைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்தவர்களுக்கு அது நான்கு கட்டங்களாக மட்டுமே நினைவில் நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் ஒரு முறை சரியாகப் பார்த்துவிட்டால் அந்த எண்ணமே மாறிவிடும். பெரும்பாலான செல்கள் பிரியாமல் சும்மா இருப்பது போலத் தெரியும். உண்மையில் அவை வளர்ந்துகொண்டிருக்கும். பிரிதல் என்பது அந்த நீண்ட வளர்ச்சியின் கடைசியில் வரும் சிறு பகுதி. அதைக் கண்ணால் கண்டு, எண்ணி, ஒவ்வொரு கட்டமும் எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று கணக்கிடும் வரை இந்த வழிகாட்டி செல்கிறது.

இதற்கு வெங்காய வேரைவிட வசதியான பொருள் கிடைப்பது அரிது. வெங்காயத்தின் உடல் செல்லில் 16 குரோமோசோம்கள்தான்; மனிதருக்கு 46. ஆனால் வெங்காயத்தின் மரபுத்தொகுதி மனிதருடையதைப் போல் சுமார் 5 மடங்கு பெரியது. அவ்வளவு டி.என்.ஏ. 16 குரோமோசோம்களில் அடங்கியிருப்பதால் ஒவ்வொன்றும் பருத்து நீண்டிருக்கும். சாதாரணக் கல்லூரி மைக்ரோஸ்கோப்பிலேயே தெளிவாகத் தெரியும்.

பார்க்கப்போவது என்ன

ஒரு பிரிவு முடிந்து அடுத்த பிரிவு முடியும் வரையிலான காலம் செல் சுழற்சி. முதலில் ஜி1 கட்டம்: செல் புரதங்களையும் ரைபோசோம்களையும் உருவாக்கிப் பருமனாகிறது. அடுத்து எஸ் கட்டத்தில் டி.என்.ஏ. முழுவதும் ஒரு முறை, ஒரே ஒரு முறை, நகலெடுக்கப்படுகிறது. ஜி2 கட்டத்தில் வளர்ச்சி தொடர்கிறது, நகலெடுப்பில் பிழை இருந்தால் சரிசெய்யப்படுகிறது. இந்த மூன்றும் சேர்ந்ததே இடைக்கால நிலை. அதன் பின்தான் மைட்டாசிஸ், அதாவது நகலெடுத்த குரோமோசோம்கள் இரு நியூக்ளியஸ்களாகப் பிரியும் கட்டம். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல் ஒன்று 24 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது என்றால் ஜி1 சுமார் 11 மணி, எஸ் 8 மணி, ஜி2 4 மணி என்று போக, மைட்டாசிஸுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 1 மணி நேரம்தான்.

இடைக்கால நிலைக்குள் இப்படிக் கட்டங்கள் இருப்பது மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. 1953-ல் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் அவரை இனச் செடி ஒன்றின் வேர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்துப் பார்த்தபோதுதான், டி.என்.ஏ. உருவாவது இடைக்கால நிலையின் நடுவில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் என்பது தெரிந்தது. அதற்கும் வேர்நுனிதான் பயன்பட்டது.

செல் எப்போது பிரிய வேண்டும் என்பதை சைக்ளின் என்ற புரதங்களும், அவற்றோடு சேர்ந்தால் மட்டுமே வேலை செய்யும் கைனேஸ் நொதிகளும் தீர்மானிக்கின்றன. சைக்ளின் மெல்லச் சேர்கிறது, உரிய நேரத்தில் சட்டென்று சிதைக்கப்படுகிறது. சுழற்சி ஒரே திசையில் மட்டும் நகர்வதற்கு இதுதான் காரணம். இந்த இயக்கமுறையைக் கண்டறிந்ததற்காக லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் மூவருக்கும் 2001-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இடையிடையே சோதனைச் சாவடிகள் உண்டு. செல் போதிய அளவு வளர்ந்ததா, டி.என்.ஏ. சிதைவின்றி இருக்கிறதா, நகலெடுப்பு முடிந்ததா, குரோமோசோம்களை முனைகளுக்கு இழுக்கும் கதிர்கோல் இழை எல்லாக் குரோமோசோம்களிலும் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றும் பார்க்கப்படும். ஒரே ஒரு குரோமோசோம் பிடிபடாமல் நின்றாலும் மற்ற அனைத்தும் காத்திருக்கும்.

தேவையானவை

வேர் விடாத, அழுகாத வெங்காயம் 4 அல்லது 5. வாயகன்ற சிறு குவளைகள். எத்தனால், கிளேசியல் அசிட்டிக் அமிலம், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கார்மைன் அல்லது ஆர்சீயின் (orcein) சாயம். 60 டிகிரி செல்சியஸில் நிலையாக நிற்கும் வாட்டர் பாத். ஸ்லைடு, கவர்ஸ்லிப், ஊசி, பிளேடு, மையொற்றுத்தாள், ஸ்பிரிட் விளக்கு. 10 மடங்கு, 40 மடங்கு பொருளருகு லென்ஸ் உள்ள மைக்ரோஸ்கோப். 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் இருந்தால் குரோமோசோம்களை எண்ணலாம்.

அமிலங்களைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கிளேசியல் அசிட்டிக் அமிலம் தோலைச் சுட்டுவிடும், அதன் ஆவி மூச்சை அடைக்கும். எத்தனால் பாட்டிலை விளக்கின் அருகில் வைக்கவே கூடாது.

கரைசல்களை முன்கூட்டியே தயாரித்து வையுங்கள். 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு, 80 மி.லி. நீரை முதலில் எடுத்து, அதில் 8.3 மி.லி. அடர் அமிலத்தை மெல்ல ஊற்றி, பின் மொத்தம் 100 மி.லி. ஆகும் வரை நீர் சேர்க்கவும். அமிலத்தின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஆசிட்டோகார்மைனுக்கு 45 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலத்தையும் 55 மி.லி. நீரையும் கலந்து, 1 கிராம் கார்மைன் போட்டு, ஆவி உறிஞ்சும் ஆய்வகக் கூண்டில் (ஃபியூம் ஹூட்) மெதுவாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்டி, பழுப்புநிற பாட்டிலில் வைக்கவும். பல மாதங்கள் கெடாது. அடியில் படிவு தெரிந்தால் மீண்டும் வடிகட்டுங்கள். ஸ்லைடில் விழும் சாயத்துகளைப் பலர் குரோமோசோம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

வேர் விடவைத்தல்

வெங்காயத்தின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த பழைய வேர்களைப் பிளேடால் சுரண்டி எடுங்கள். தட்டையே வெட்டிவிடக் கூடாது. புதிய வேர்கள் அதன் விளிம்பிலிருந்துதான் வரும். குவளையில் நீர் நிரப்பி, அடித்தட்டு மட்டும் நீரைத் தொடும்படி வெங்காயத்தை வையுங்கள். 1 அல்லது 2 மி.மீ.க்கு மேல் மூழ்கினால் காற்றின்றி அழுகும். நீரைத் தினமும் மாற்றவும். 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் 2, 3 நாளில் வேர் தெரியும்.

சில வெங்காயங்களில் ஒரு வாரமானாலும் வேர் வராது. சேமிப்பில் முளைக்காமல் இருக்க மலேயிக் ஹைட்ரசைடு தெளித்ததோ கதிர்வீச்சுக்கு உட்படுத்தியதோ காரணமாக இருக்கலாம். இரண்டுமே செல் பிரிவைத் தடுத்துத்தான் முளைப்பை நிறுத்துகின்றன, ஆகவே அவற்றில் மெனக்கெட்டுப் பயனில்லை. வேறு வெங்காயத்தை எடுங்கள்.

வேர் 1 முதல் 2 செ.மீ. நீளத்தில், நுனி வெள்ளையாகவும் விறைப்பாகவும் இருக்கும்போது அறுவடை செய்ய வேண்டும். பழுத்த நிறமும் குழைந்த நுனியும் உள்ள வேர்களில் பிரிவு ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். எல்லா வேர்களையும் ஒரே நேரத்தில் வெட்டாமல் 2 மணி நேர இடைவெளியில் மூன்று தொகுதிகளாக வெட்டி வைத்தால், ஒன்றில் பிரியும் செல் குறைவாக இருந்தாலும் மற்றதில் கிடைக்கும்.

நிலைப்படுத்துதல்

வேரின் கடைசி 1 செ.மீ.யை வெட்டி உடனே நிலைப்படுத்தும் கரைசலில் போடுங்கள். எத்தனால் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு. வேர்த்துண்டுகளின் கன அளவைப் போல் குறைந்தது 15 மடங்கு கரைசல் இருக்கட்டும். அறை வெப்பத்தில் 24 மணி நேரம்.

எத்தனால் புரதங்களை உறையவைத்துத் திசுவைச் சுருக்கி இறுக்கும். அசிட்டிக் அமிலம் வேகமாக ஊடுருவித் திசுவை உப்பவைக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் குரோமோசோம் தன் வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. கலவையை ஒவ்வொரு முறையும் அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். நாள்பட்டால் இரண்டும் வினைபுரிந்து எத்தில் அசிட்டேட்டாக மாறும், நிலைப்படுத்தும் திறன் குறையும். அத்தகைய வேர்களில் சைட்டோபிளாசமும் சேர்ந்து சிவந்து, எல்லாம் ஒரே மங்கலாகத் தெரியும்.

மறுநாள் பார்க்க முடியாவிட்டால் 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வாரக்கணக்கில் இருக்கும்.

அமிலத்தில் மென்மையாக்குதல்

தாவரச் செல்கள் ஒன்றோடொன்று பெக்டின் என்ற பசை போன்ற பொருளால் ஒட்டியிருக்கின்றன. அந்தப் பிடிப்பைத் தளர்த்தாமல் எவ்வளவு அழுத்தினாலும் செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவாது. வேர்களை நீரில் அலசி, ஏற்கெனவே 60 டிகிரிக்குச் சூடேறிய 1 நார்மல் அமிலத்தில் போட்டு 8 நிமிடம் வையுங்கள். குளிர்ந்த அமிலத்தில் போட்டுவிட்டுச் சூடேற்றினால் உண்மையில் எவ்வளவு நேரம் வெந்தது என்று தெரியாது.

நேரம் குறைந்தால் செல்கள் கட்டியாகவே நிற்கும். அதிகமானால் இடுக்கியால் தொட்டதும் நுனி கழன்றுவிடும், சாயமும் சரியாகப் பிடிக்காது. உங்கள் வேர்களின் தடிமனைப் பொறுத்து 6 முதல் 10 நிமிடத்துக்குள் சரியான நேரத்தை முதலிலேயே சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீரில் 2, 3 முறை அலசவும்.

சாயமேற்றல்

வாட்ச் கிளாஸில் ஆசிட்டோகார்மைன் ஊற்றி வேர்களை 20 முதல் 30 நிமிடம் ஊறவிடுங்கள். ஆசிட்டோ-ஆர்சீயின் என்றாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். சிறிது நேரத்தில் நுனியின் கடைசி 1, 2 மி.மீ. மட்டும் மற்ற பகுதியைவிட அடர்ந்து சிவக்கும். அங்கே செல்கள் சிறியவை, நியூக்ளியஸ்கள் நெருக்கமாக இருக்கின்றன. சாயம் பிடிப்பது நியூக்ளியஸில்தான். அந்த அடர்ந்த முனைதான் ஆக்குத்திசு, அதாவது செல்கள் தொடர்ந்து பிரியும் பகுதி. இரண்டு முனையும் ஒரே நிறத்தில் இருந்தால் அந்த வேரில் நுனி உடைந்துபோயிருக்கிறது என்று பொருள். அதை ஒதுக்கிவிடுங்கள்.

கார்மைன் வெளிறிப் பிடித்தால் இரும்பு ஊசியால் சாயத்துளியை லேசாகக் கிளறலாம். இரும்பு சாயத்தை இறுகப் பிடிக்கவைக்கும். அதிகம் கிளறினால் கருத்த படிவு விழும்.

நசுக்குதல்

முழு வேலையும் வெற்றி பெறுவதோ வீணாவதோ இந்தப் படியில்தான், ஆகவே இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

ஸ்லைடின் நடுவில் 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு துளி. அதில் சாயமேறிய வேரை வைத்து, அடர்ந்த நுனியில் 1 மி.மீ. மட்டும் வெட்டிக்கொண்டு மற்றதை ஸ்லைடிலிருந்தே அகற்றிவிடுங்கள். கூடுதலாக இருந்தால் நல்லது என்று 3, 4 மி.மீ. விட்டுவைப்பதே மிகப் பொதுவான தவறு. அந்தக் கூடுதல் பகுதியில் இருப்பவை பிரிவை நிறுத்திவிட்டு நீண்டுகொண்டிருக்கும் செல்கள். அவை கவர்ஸ்லிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், நுனிச் செல்கள் பரவாது. எண்ணும்போதும் கணக்கைக் கெடுக்கும். வெட்டிய நுனியின் உச்சியில் வேர் மூடி இருக்கும், அது சிறிதுதான், பரவாயில்லை.

நுனியை இரண்டு ஊசிகளால் பிய்த்துச் சிறு துகள்களாக்குங்கள். கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பைத் துளியில் தொட வைத்து, ஊசியால் தாங்கியபடி மெல்லச் சாயுங்கள், குமிழி வராது. பிறகு ஊசியின் மரப்பிடியால் கவர்ஸ்லிப்பின் மேல் செங்குத்தாக லேசாகத் தட்டுங்கள். திசு மேகம் போல் விரிந்து பரவுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். விரியாமல் ஒரு புள்ளியாகவே நின்றால் அமிலத்தில் வைத்த நேரம் போதவில்லை.

ஸ்லைடை விளக்கின் மேல் 3, 4 முறை விரைவாகக் கடத்துங்கள். புறங்கையில் வைத்தால் பொறுக்கக்கூடிய சூடு போதும். இது சைட்டோபிளாசத்தின் நிறத்தை வெளுக்கச் செய்து குரோமோசோமை எடுப்பாகக் காட்டும். துளி கொதித்துவிட்டால் செல்கள் வெடிக்கும்.

கடைசியாக ஸ்லைடைச் சமமான மேசையில் வைத்து, மடித்த மையொற்றுத்தாளை மேலே போட்டு, ஒரு கையால் கவர்ஸ்லிப்பின் ஓரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் கட்டைவிரலால் நேர் கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் சிறிது வழுக்கினாலும் செல்கள் சுருட்டு போல் உருண்டுவிடும், குரோமோசோம்கள் இழுபட்டு அறுந்த நூல்களாகத் தெரியும். அப்படி ஆன ஸ்லைடைக் காப்பாற்ற முடியாது, அடுத்த நுனியை எடுங்கள். நல்ல ஸ்லைடின் ஓரங்களை நகப்பூச்சால் அடைத்தால் சில நாட்கள் பார்க்கலாம்.

பார்த்தல்

10 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள். நீளமான, நியூக்ளியஸ் ஓரம் தள்ளிய செல்கள் தெரிந்தால் அது நீட்சிப் பகுதி, நகர்ந்து செல்லுங்கள். சதுரமான, நடுவில் பெரிய நியூக்ளியஸ் கொண்ட செல்கள் கூட்டமாக இருக்குமிடம்தான் தேடுவது. இந்த இரண்டையும் அருகருகே பார்ப்பது வளர்ச்சியைப் பற்றிப் பெரிய பாடம். ஆக்குத்திசுச் செல் புரதத்தைச் சேர்த்து இரு மடங்காகிப் பிரிகிறது. அதனால் அங்கே சராசரி அளவு மாறாமல் இருக்கிறது. நீட்சிப் பகுதிச் செல்லோ பிரிவதை விட்டுவிட்டு வாக்குவோல் என்ற உள்பையில் நீரை நிரப்பிப் பல மடங்கு நீள்கிறது. வேர் கண்முன் நீள்வதற்குப் பெரும்பங்கு இந்த நீர்தான்.

40 மடங்கில் ஒவ்வொரு செல்லாகப் பாருங்கள். புரோஃபேஸில் நியூக்ளியஸுக்குள் நூல்கண்டு போல் இழைகள் தடித்துத் தெரியும். அதன் முடிவில் நியூக்ளியஸ் உறை கரையும். மெட்டாஃபேஸில் குரோமோசோம்கள் நடுவரையில் அணிவகுக்கும். அனாஃபேஸில் ஒவ்வொரு குரோமோசோமின் இரு நகல்களான குரோமாட்டிட் ஜோடிகளைப் பிணைத்திருந்த கோஹெசின் என்ற புரதம் அறுபட்டு, இரு தொகுதியும் எதிரெதிர் முனைக்கு விலகும். இழை பிடித்திருக்கும் இடமான சென்ட்ரோமியர் முன்னே செல்ல, கைகள் பின்னால் இழுபடுவதால் ஒவ்வொன்றும் வளைந்து தெரியும். டீலோஃபேஸில் இரு கொத்துகளும் மீண்டும் நியூக்ளியஸ்களாகி, நடுவில் செல் தட்டு உருவாகும். விலங்குச் செல் வெளியிலிருந்து உள்நோக்கி இறுகிப் பிரிவதுபோல் இங்கே நடக்காது. தட்டு நடுவில் தோன்றி ஓரங்களை நோக்கி வளரும்.

எண்ணும்போது தடுமாற்றம் தருபவை மூன்று. மெட்டாஃபேஸை முனைப்பக்கமிருந்து பார்த்தால் வரிசையாகத் தெரியாமல் நட்சத்திரம் போல் விரிந்து தெரியும். இதைப் பலர் புரோஃபேஸ் என்று எழுதிவிடுவார்கள். குரோமோசோம்கள் தனித்தனியாகக் குட்டையாக, நியூக்ளியஸுக்குள் தெரியும் உருண்டையான நியூக்ளியோலஸ் இல்லாமல் இருந்தால் அது மெட்டாஃபேஸ். டீலோஃபேஸின் முடிவும் பக்கத்துப் பக்கத்து இடைக்காலச் செல்கள் இரண்டும் ஒன்றுபோலிருக்கும். இரு நியூக்ளியஸ்களும் சிறிதாக, அடர்ந்து, இரண்டும் சேர்ந்து ஒரு தாய்ச்செல்லின் இடத்துக்குள் அடங்கினால் டீலோஃபேஸ் என்று கொள்ளுங்கள். மூன்றாவது புரோஃபேஸின் தொடக்கம். அதற்குத் தெளிவான எல்லைக்கோடு கிடையாது. இழைகள் தனித்துத் தெரிந்தால் மட்டும் புரோஃபேஸ் என்று ஒரு விதியை முன்பே வகுத்து, கடைசிச் செல் வரை மாற்றாதீர்கள்.

எண்ணுதல்

அழகான காட்சிகளைத் தேடிப் போய் எண்ணினால் பிரியும் செல்களின் விகிதம் பொய்யாக உயரும். ஸ்லைடின் ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக நகர்ந்து, கண்ணில் படும் ஒவ்வொரு முழுச் செல்லையும் பதிவு செய்யுங்கள். வெவ்வேறு வெங்காயங்களின் 5 நுனிகளிலாவது சேர்த்து 1000 செல்கள் எண்ணினால்தான் அனாஃபேஸ் போன்ற குறுகிய கட்டத்துக்கு நம்பத்தக்க எண்ணிக்கை கிடைக்கும்.

வேர்களை வெட்டிய நொடியில் எல்லாச் செல்களும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. ஒரு கட்டம் நீண்ட நேரம் எடுப்பதாக இருந்தால் அந்தக் கட்டத்தில் அதிகச் செல்கள் சிக்கியிருக்கும். ஆகவே எண்ணிக்கை நேரமாக மாறும். கணக்குக்காக, 1000 செல்களில் இடைக்காலம் 910, புரோஃபேஸ் 55, மெட்டாஃபேஸ் 14, அனாஃபேஸ் 8, டீலோஃபேஸ் 13 என்று வைத்துக்கொள்வோம். பிரியும் செல்கள் 90. எண்ணிய செல்களில் பிரியும் செல்களின் பங்கு, அதாவது மைட்டாசிஸ் குறியீடு, 9 சதவீதம். சுழற்சி 20 மணி நேரம், அதாவது 1200 நிமிடம் என்றால் புரோஃபேஸ் 66 நிமிடம், மெட்டாஃபேஸ் 17, அனாஃபேஸ் 10, டீலோஃபேஸ் 16.

இந்தக் கணக்கில் இரண்டு குறைகள் உண்டு. நுனியில் உள்ள எல்லாச் செல்களும் சுழற்சியில் இல்லை. வேர் மூடியின் வெளிச்செல்கள் பிரிவதில்லை. மேலும், ஒவ்வொரு பிரிவிலும் ஒரு செல் இரண்டாவதால், அப்போதுதான் பிறந்த செல்கள் எப்போதும் விகிதத்துக்கு மேல் இருக்கும். அதனால் இடைக்கால நிலை உண்மையைவிடச் சற்று நீண்டதாகவும், மைட்டாசிஸ் சற்றுக் குறுகியதாகவும் வரும். ஒரே முறையில் தயாரித்த ஸ்லைடுகளை ஒப்பிட இது தடையல்ல.

குரோமோசோமை எண்ண, சுழற்சியை அளக்க

16-ஐயும் தனித்தனியாக எண்ண வேண்டுமானால் வெட்டுமுன் வேர்களை 0.05 சதவீதக் கால்ச்சிசின் கரைசலில் 3 மணி நேரம் வையுங்கள். கதிர்கோல் இழை உருவாவதை அது தடுப்பதால் செல்கள் மெட்டாஃபேஸில் தேங்கி, குரோமோசோம்கள் குட்டையாகிச் சிதறிக் கிடக்கும். வெங்காய வேரில் இதன் விளைவை 1938-லேயே ஆல்பர்ட் லெவான் விவரித்தார். நீண்ட நேரம் வைத்தால் பிரியாமலேயே மீண்டும் நியூக்ளியஸ் உருவாகி, 32 குரோமோசோம் கொண்ட செல்கள் தோன்றும். கால்ச்சிசின் சிறிதளவே உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு. மேற்பார்வையுள்ள ஆய்வகத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். கட்டங்களின் நேரத்தைக் கணக்கிட இந்த ஸ்லைடுகள் உதவா.

சுழற்சியின் நீளத்தை அனுமானிக்காமல் அளக்கக் காஃபீன் உதவும். வேர்களை 0.1 சதவீதக் காஃபீனில் 1 மணி நேரம் வைத்து, நன்கு அலசி மீண்டும் நீருக்கு மாற்றுங்கள். அந்த நேரத்தில் டீலோஃபேஸில் இருந்த செல்களில் செல் தட்டு முழுமையாகாது. ஒரே செல்லில் இரண்டு நியூக்ளியஸ் நின்றுவிடும். அவை அப்படியே அடையாளமிடப்பட்ட செல்கள். அடுத்த 30 மணி நேரம், 2 மணிக்கு ஒரு முறை சில நுனிகளை நிலைப்படுத்தி, இரட்டை நியூக்ளியஸும் ஒரே சமயத்தில் மைட்டாசிஸில் இருக்கும் செல்களை எண்ணுங்கள். அவை மிக அதிகமாகத் தென்படும் நேரமே அந்த வேரின் செல் சுழற்சி நீளத்துக்கு மிக நெருக்கமான மதிப்பு. குளிரில் சுழற்சி வெகுவாக நீளும் என்பதால் 30 மணி நேரமும் நீரின் வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டங்களை எண்ணுவதற்கான வேர்களையும் அதே வெப்பநிலையில் வளர்த்திருக்க வேண்டும்.